கண் நலம் கேள்வி–பதில்: வெயில், வெல்டிங் வெளிச்சம், கண் புற்றுநோய்

புற ஊதாக் கதிர் பட்டால் கண்ணில் புற்றுநோய் வருமா என்று வாசகர்கள் பல கோணங்களில் கேட்டிருக்கிறார்கள். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயமும், உஷாராக இருக்க வேண்டிய இடத்தில் அலட்சியமும் அந்தக் கேள்விகளில் தெரிகின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை பார்ப்பவன் நான். வெயில் அதிகம் பட்டால் கண்ணுக்குள் புற்றுக்கட்டி வரும் என்கிறார்கள். எவ்வளவு தூரம் உண்மை, டாக்டர்?

பதில்: கண் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இடத்துக்கு இடம் அது வேறு நோய். இமைத்தோலில் வருவது ஒன்று. கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் கன்ஜங்டிவா என்ற மெல்லிய சவ்விலும் கருவிழியின் (கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிவான கார்னியா) மேற்பரப்பிலும் வருவது இன்னொன்று. கண் உருண்டைக்கு உள்ளே வருவது மூன்றாவது. நீங்கள் கேட்டிருப்பது மூன்றாவதைப் பற்றி. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது முதல் இரண்டையும்தான்.

இமையில் வரும் பேசல் செல் புற்றுக்கும் ஸ்குவாமஸ் செல் புற்றுக்கும் வெயில் முக்கியக் காரணம். கீழிமையில்தான் இவை அதிகம் வருகின்றன. மேலிமைக்குப் புருவ எலும்பின் நிழல் கிடைக்கிறது. கீழிமைக்கு அது கிடைப்பதில்லை. கண்ணின் மேற்பரப்பில் வரும் ஸ்குவாமஸ் வகைக் கட்டிகளும் அப்படியே. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நாடுகளில் அவை அதிகம். கண்ணைத் திறந்து வைக்கும்போது இமைகளுக்கு நடுவே வெளியே தெரிகிற பட்டையில்தான் பெரும்பாலும் முளைக்கும். புகைபிடித்தல், எச்.ஐ.வி. தொற்று, எச்.பி.வி. வைரஸ் ஆகியவையும் இதற்குத் துணை போகின்றன.

கண்ணுக்குள் வரும் மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் பிறக்கும் புற்று, விஷயம் வேறு. அலைநீளம் 295 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர்களைக் கருவிழியே உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு மேல் 400 வரை உள்ளதில் பெரும்பகுதியைக் கண்ணின் லென்ஸ் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களின் விழித்திரைக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 1 சதவீதம். கண்ணுக்குள் இருக்கும் மெலனோமாக்களில் காணப்படும் ஜி.என்.ஏ.கியூ., ஜி.என்.ஏ.11 மரபணு மாற்றங்களும் புற ஊதாக் கதிர் விட்டுச் செல்லும் வகையைச் சேர்ந்தவை அல்ல. கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் வளையத்தில் வரும் மெலனோமா மட்டும் விதிவிலக்கு. அதில் கதிரின் தடயம் கிடைத்திருக்கிறது. கண்ணுக்குள் வரும் மெலனோமாவே மிக அரிது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 5 பேர் அளவுக்கு வருகிறது, அதுவும் வெளிர் நிறக் கண்ணும் வெளுத்த தோலும் உள்ளவர்களுக்கே அதிகம். கறுத்த கண்ணும் மாநிறமும் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு.

ஆக, வெயிலால் கண்ணுக்குள் கட்டி வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. செயற்கை வெளிச்சம் அப்படியில்லை. தோலைக் கறுப்பாக்கும் டேனிங் படுக்கைகளின் புற ஊதாக் கதிரை 2009-லும், வெல்டிங்கின் புற ஊதாக் கதிரை 2017-லும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. இரண்டிலுமே கண் மெலனோமா காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது.

கேள்வி: என் அம்மாவுக்குக் கண்ணில் மூக்குப் பக்கம் சதை வளர்ந்து கருவிழியைத் தொடுகிறது. அது புற்றா?

பதில்: பெரும்பாலும் அது டெரிஜியம். புற்று இல்லை, ஆனால் அதுவும் புற ஊதாக் கதிரின் வேலைதான். மூக்குப் பக்கமே ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கண்ணைக் காப்பதும் எளிதாகும். நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் வெளிச்சம் கருவிழியின் வளைவில் மடங்கி, பூதக்கண்ணாடியில் குவிவதுபோல மறுபக்கம், அதாவது மூக்கு ஓர விளிம்பில் போய்க் குவிகிறது. அந்த விளிம்பில்தான் கருவிழி மேற்பரப்பைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் இருக்கின்றன. கதிர் உள்பக்கமாக வந்து அவற்றைத் தாக்குவதால் மேலே உள்ள செல் அடுக்குகளாலும் தடுக்க முடிவதில்லை. நேர் எதிரே உள்ள சூரியனை மறைத்தாலும் பக்கவாட்டைத் திறந்து விட்டால் பாதி வேலைதான் ஆகும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டெரிஜியம் முக்கோணமாக, தட்டையாக, நேரான மெல்லிய ரத்தக் குழாய்களோடு ஆண்டுக் கணக்கில் மெதுவாக வளரும். கீழே சொல்வதில் ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்: மேற்பரப்பு ஜெல்லி போலத் தடித்திருப்பது, வெள்ளைச் செதில் படிந்திருப்பது, ஒரே ஒரு தடித்த குழாய் சுருண்டு வந்து அந்த இடத்துக்கு ரத்தம் கொடுப்பது, சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாவது, பழுப்புப் புள்ளி புதிதாகத் தோன்றுவது, தொட்டால் ரத்தம் கசிவது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்து, சாயச் சொட்டு விட்டு, தேவைப்பட்டால் கண்ணின் முன்பகுதியை அடுக்கு அடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள்.

டெரிஜியத்தை வெட்டி எடுத்தால், எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பார்வைக்குச் சாதாரண டெரிஜியமாக இருந்ததில் புற்றின் ஆரம்பம் ஒளிந்திருப்பது எப்போதாவது நடக்கிறது. சதையைக் குப்பையில் போட்டுவிட்டால் அது தெரியவே தெரியாது.

கேள்வி: கூலிங் கிளாஸ் எவ்வளவு கறுப்பாக இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும்?

பதில்: கறுப்புக்கும் தடுப்புக்கும் சம்பந்தமில்லை. கறுப்பு நிறம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளோ, அதில் கலந்துள்ள உறிஞ்சும் ரசாயனமோதான். அது இல்லாத கறுப்புக் கண்ணாடியால் கெடுதல்தான் மிச்சம்: வெளிச்சம் குறைவதால் கண்மணி விரியும், கண்ணைச் சுருக்குவதும் நின்றுவிடும், கதிர் முன்னைவிட அதிகமாக உள்ளே போகும்.

வாங்கும்போது 'யூவி 400' என்று எழுதியிருக்க வேண்டும். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று அதற்குப் பொருள். சில தர விதிகளில் சோதனை 380-உடன் நின்றுவிடுவதால், வெறுமனே 'யூவி பாதுகாப்பு' என்று போட்டிருப்பது போதாது. நிறத்தின் அடர்த்திக்கு ஐ.எஸ்.ஓ. 12312-1 தரத்தில் 0 முதல் 4 வரை பிரிவுகள் உண்டு. வெயிலுக்குப் பிரிவு 3 பொருத்தம். வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும். பிரிவு 4 பனிமலைக்கும் உயர மலையேற்றத்துக்கும் உரியது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. 'போலரைஸ்டு' என்பது தண்ணீரிலும் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைப்பதற்கு. அதற்கும் புற ஊதாத் தடுப்புக்கும் தொடர்பில்லை.

லென்ஸுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியை ஃபிரேமுக்கும் கொடுங்கள். லென்ஸ் புருவத்திலிருந்து கன்ன எலும்பு வரை மறைக்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரை உங்கள் காதருகிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் வெள்ளை அவருக்கு நன்றாகத் தெரிந்தால் கதிருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. முகத்தைச் சுற்றி வளைந்து வரும் ஃபிரேமோ, அகன்ற காதுத்தண்டோ இதை அடைக்கும். இன்னொரு நுணுக்கம்: சில ஆன்டி ரிஃப்ளெக்ஷன் பூச்சுகள், பின்னாலிருந்து லென்ஸின் உள்பக்கத்தில் விழும் புற ஊதாக் கதிரைக் கண்ணுக்குள் திருப்பி விடும். உள்பக்கத்துக்குத் தனிப் புற ஊதாப் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சோதித்துப் பார்க்கச் சிறந்த வழி, கண்ணாடிக் கடையில் உள்ள ஸ்பெக்ட்ரோமீட்டர் அல்லது யூவி மீட்டரில் வைப்பது. சிலர் யூவி டார்ச்சை லென்ஸ் வழியாக ரூபாய் நோட்டின் ஒளிரும் கோட்டில் அடித்துப் பார்க்கிறார்கள். 365 நானோமீட்டர் டார்ச் என்றால் கோடு ஒளிராமல் இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் அந்த ஓர் அலைநீளத்துக்கு மட்டும்தான் அது சாட்சி. மலிவு டார்ச்சுகள் 395-ஐ ஒட்டியவை. ஊதா வெளிச்சமும் கலந்து வருவதால் முடிவு குழப்பும். எந்த டார்ச்சானாலும் அதன் முகப்பைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பவர் கண்ணாடி போடுகிறேன். அதற்கு மேல் தனியாகக் கூலிங் கிளாஸ் வேண்டுமா?

பதில்: லென்ஸ் எதனால் ஆனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமில்லாமலே ஏறத்தாழ 380 வரை தடுத்துவிடும். சாதாரண பிளாஸ்டிக்கான சி.ஆர்.39-க்குத் தடுப்பு ரசாயனம் சேர்த்திருக்க வேண்டும். பழைய கனத்த கண்ணாடி லென்ஸ்கள் யூ.வி.ஏ. கதிரை (நீண்ட அலைநீளப் புற ஊதா) பெரும்பாலும் விட்டுவிடும். வெயிலில் கறுக்கும் போட்டோக்ரோமிக் லென்ஸ், கறுக்காதபோதும் புற ஊதாவைத் தடுக்கிறது. கார் ஓட்டும்போது அது கறுக்கவில்லையே என்று பலர் புகார் சொல்கிறார்கள். முன் கண்ணாடி ஏற்கெனவே புற ஊதாவை வடிகட்டிவிடுவதுதான் காரணம். பக்கக் கண்ணாடிகள் அப்படியில்லை, பலவற்றில் யூ.வி.ஏ. உள்ளே வரும். புற ஊதாத் தடுப்புள்ள கான்டாக்ட் லென்ஸ் கருவிழியையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் மட்டுமே காக்கும். இமையும் வெள்ளைப் பகுதியும் வெளியேதான் இருக்கின்றன.

கேள்வி: உச்சி வெயிலில் மட்டும் வெளியே போகாமல் இருந்தால் போதுமா?

பதில்: தோலுக்கு அது நல்ல விதி. கண்ணுக்கு அப்படியே பொருந்தாது. சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது புருவமும் இமையும் கண்ணுக்கு நிழல் தருகின்றன. அது ஏறக்குறைய 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, சூரியன் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பவர் கண்ணில் நேராக அதிகக் கதிர் விழுகிறது. இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறினாலும், காலை 9 மணி வாக்கும் பிற்பகல் 3 மணி வாக்கும் கண்ணுக்கு லேசான நேரம் கிடையாது.

புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யூவி இண்டெக்ஸ் 3-ஐத் தொட்டாலே கண்ணாடியும் தொப்பியும் வேண்டும். சுற்றிலும் 7 முதல் 10 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பி, கண்ணில் விழுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி பக்கவாட்டை விட்டுவிடும். கீழிருந்து தெறிப்பதைத் தொப்பியால் தடுக்க முடியாது. புதுப் பனி 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், கடல் நுரை 25, உலர்ந்த கடற்கரை மணல் 15, புல்தரை 10-க்கும் கீழே. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடும். மெல்லிய மேகம் வெப்பத்தைக் குறைக்குமே தவிரப் புற ஊதாவை அவ்வளவாகக் குறைக்காது.

கேள்வி: ஐந்து வருடமாக வெல்டிங் கடையில் ஹெல்பராக இருக்கிறேன். அடிக்கடி கண்ணில் வெல்டிங் அடித்துவிடுகிறது, ராத்திரி மணல் கொட்டினதுபோல் எரியும், இரண்டு நாளில் சரியாகிவிடும். இதனால் பின்னால் புற்று வருமா?

பதில்: இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. கருவிழியின் மேல் செல் அடுக்கு கருகி உதிர்ந்து மறுபடி வளர்வதைத்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் அனுபவிக்கிறீர்கள். கதிர் பட்டு 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வலி தெரிவதால், வேலை நேரத்தில் எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அந்தப் புண் நேராகப் புற்றாக மாறாது. ஆனால் மேலே சொன்ன அரிய கண் மெலனோமா வெல்டர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. கண்ணில் அடித்த ஒவ்வொரு முறையும், உங்கள் பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஓட்டை பெரும்பாலும் ஹெல்பர் பக்கம்தான். வெல்டர் ஷீல்டு பிடித்திருப்பார். வேலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பக்கத்திலிருந்து வரும் கதிரும் சுவரிலும் ஸ்டெயின்லெஸ் தகட்டிலும் பட்டுத் தெறிக்கும் கதிரும் போதும். துண்டுகளைச் சிறு பொட்டாகப் பற்றவைத்து நிறுத்தும் டேக் வைக்கும்போது 'ஒரு நொடிதானே' என்று கண்ணை மூடிக்கொள்வதும் இப்படித்தான். சில நொடி டேக்குகள் நாள் முழுக்கச் சேர்ந்தால் நிமிடக் கணக்காகிவிடும்.

செய்ய வேண்டியது இது. உங்களுக்கென்று தனி ஷீல்டு வேண்டும். அதன் கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதைச் சொல்வதுதான் ஷேடு எண். சாதா ராடு வெல்டிங்கில் 60–160 ஆம்பியருக்கு 10-ஆம் ஷேடு, 160–250-க்கு 12. மிக் வெல்டிங்கில் 60–160-க்கு 11, டிக் வெல்டிங்கில் 50–150-க்கு 12. முதலில் கறுப்பு அதிகமான ஷேடில் தொடங்கி, உருகும் குழி தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். ராடுக்கும் டிக்குக்கும் குறைந்த ஆம்பியரில்கூட 8-க்குக் கீழே, மிக்குக்கு 10-க்குக் கீழே போக வேண்டாம். கேஸ் வெல்டிங்கின் 5-ஆம் நம்பர் கண்ணாடியை ஆர்க்குக்கு (மின்பொறி வெல்டிங்குக்கு) போடவே கூடாது. வெறும் கூலிங் கிளாஸும் ஆர்க்குக்கு ஆகாது.

தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டில் கறுக்காத நேரத்திலும் புற ஊதா வடிகட்டி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கறுக்கத் தாமதமானால் கூச்சம்தான் தெரியும். ஆனால் கண்ணாடியில் விரிசல் விழுந்தாலோ, ஃபிரேமில் சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி இருந்தாலோ கதிர் நேராக நுழையும். மாதம் ஒருமுறை ஹெல்மெட்டை விளக்குக்கு எதிரே பிடித்து ஓரம் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளே பக்கமறைப்புள்ள தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைத் தூக்கியபின் பக்கத்து மேசையில் ஆர்க் எழுந்தால் அதுதான் காப்பாற்றும். மேசைகளுக்கு நடுவே வெல்டிங் திரை கட்டச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். அலுமினியத்தை ஆர்கான் வாயுவில் பற்றவைக்கும்போது புற ஊதா மிகக் கடுமையாக இருக்கும், அன்று கழுத்தையும் காதையும்கூட மூடுங்கள்.

மறுபடி அடித்துவிட்டால் குளிர்ந்த துணி ஒற்றுங்கள், பாதுகாப்பு ரசாயனம் இல்லாத கண்ணீர்ச் சொட்டு விடுங்கள், வலி மாத்திரை போடுங்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். வீட்டில் இருக்கும் எதையும் கண்ணில் ஊற்றாதீர்கள். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை யார் கொடுத்தாலும் வீட்டுக்கு வாங்கிவராதீர்கள்: வலி உடனே போகும், ஆனால் செல் வளர்ச்சி நின்று கருவிழி புண்ணாகி உருகும் வரை போகலாம். ஒரு நாளில் குறையாவிட்டாலோ பார்வை மங்கினாலோ டாக்டரிடம் போங்கள். ஐந்து வருடமாக அடிபட்ட கண் என்பதால், வலி இல்லாதபோதும் ஒருமுறை கண்மணியை விரிவாக்கி விழித்திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: செல்போன் வெளிச்சத்தால் கண் புற்றுநோய் வருமா?

பதில்: வராது. திரைகளிலிருந்து புற ஊதா ஏறக்குறைய வருவதே இல்லை. நீல வெளிச்சத்தால் புற்று வருவதற்கும் ஆதாரம் இல்லை.

கேள்வி: இரண்டு வயது மகனின் கண்மணி போட்டோவில் வெள்ளையாகத் தெரிகிறது. வெயிலில் அதிகம் விளையாட விட்டதால் இருக்குமோ?

பதில்: வெயிலை மறந்துவிட்டு முதலில் கண் டாக்டரிடம் கிளம்புங்கள், இந்த வாரமே. வெள்ளைக் கண்மணிக்குக் கண்புரை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் இந்த விழித்திரைப் புற்று ஆர்.பி.1 என்ற மரபணுவின் கோளாறால் வருவது. வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, உங்கள் மேல் பழி இல்லை. மயக்கம் கொடுத்து இரண்டு கண்ணையும் பார்க்க வேண்டியிருக்கலாம், அதற்குத் தயங்காதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் உயிரையும் பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றலாம்.

மற்றப் பெற்றோருக்கு: சிறு குழந்தைகளின் லென்ஸ் தெளிவாக இருப்பதால் புற ஊதா அவர்கள் விழித்திரைக்குக் கூடுதலாகப் போகிறது. அதற்காக வீட்டுக்குள் அடைக்காதீர்கள். வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது. அகன்ற தொப்பி போட்டு, நிழலுள்ள இடத்தில் விளையாட விடுங்கள்.

கேள்வி: கீழிமையில் ஒரே இடத்தில் கட்டி வந்து வந்து போகிறது. சொட்டு மருந்துக்கு அடங்கி மறுபடி வருகிறது. வயது 61.

பதில்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியைப் பயாப்ஸி செய்யாமல் விடக் கூடாது, அதுவும் இந்த வயதில். அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்திருக்கிறதா, ஓரம் முத்துப்போல் மின்னுகிறதா, நடுவில் ஆறாத குழிப்புண் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். முடி உதிர்வு முக்கியமான அடையாளம். சாதாரணக் கட்டியில் அது அவ்வளவாக நடக்காது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று, கட்டி போலவும் ஒரு கண்ணில் மட்டும் ஆறாத இமை அழற்சி போலவும் வேடம் போடும். ஆசியர்களிடையே அதன் பங்கு அதிகம். அதில் வெயிலின் பங்கு பெரிதில்லை, ஆனால் பரவும் வேகம் பேசல் செல் வகையைவிட அதிகம்.

பேசல் செல் வகை வேறு உறுப்புக்குப் போவது அபூர்வம் என்பதால் சிலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கோரக் கண்முனையில் வந்தால் அது கண்குழிக்குள் வேர்விடும். அறுவையின்போதே விளிம்புகளை நுண்நோக்கியில் பார்த்து, சுத்தம் என்று உறுதியான பிறகு இமையைச் சீரமைக்கும் முறையைக் கேளுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசுபவர்கள் இமையையும் கண்முனையையும் விட்டுவிடுவது வழக்கம், எரியும் என்ற பயத்தால். துத்தநாக ஆக்ஸைடு உள்ள, குச்சி வடிவ எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுத்து, இமைமுடி வேரைத் தொடாமல் பூசினால் பெரும்பாலும் எரியாது.

கேள்வி: கண்ணின் வெள்ளையில் ஸ்குவாமஸ் கட்டி என்று சொல்லி, ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் சொட்டு மருந்து போதும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் ஏற்றுக்கொண்ட சிகிச்சைதான். கட்டி சிறியதாக, ஒரே இடத்தில் இருந்தால் கட்டியைக் கருவியால் தொடாமல் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல சவ்வையும் சேர்த்து எடுத்து, விளிம்பை இரண்டு முறை உறையவைத்து விடுவார்கள். ஒரே முறையில் முடியும், பயாப்ஸியும் கிடைக்கும். பரவலாக, கருவிழியைச் சுற்றிப் படர்ந்திருந்தால் வெட்டினால் மூலச் செல்கள் போய்விடும்; அங்கே சொட்டு மருந்து மேல். இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 2பி தினம் 4 வேளை மாதக் கணக்கில் விட வேண்டும், எரிச்சல் குறைவு. மைட்டோமைசின் சி, 5 ஃப்ளூரோயுராசில் இரண்டையும் விட்டுவிட்டுச் சுற்றுகளாகத் தருவார்கள். மைட்டோமைசின் விடும்போது கண்ணீர்த் துவாரத்துக்கு அடைப்பு வைப்பது அவசியம், கசிந்ததை வெறுங்கையால் துடைக்கக் கூடாது, கர்ப்பிணிகள் அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம். சொட்டு மருந்தில் தவறுவது பெரும்பாலும் மருந்தால் இல்லை. சிவப்பு குறைந்ததும் நோயாளி பாதியில் நிறுத்திவிடுவதால்.

வயது குறைந்தவருக்கோ இரண்டு கண்ணிலுமோ வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பார்கள். சிகிச்சையின் ஒரு பகுதி அது, சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால், குணமான பிறகும் டாக்டர் சொல்லும் தேதியில் வந்து காட்டுங்கள்.

கேள்வி: சோரியாசிஸுக்கு ஒளிச்சிகிச்சை எடுக்கிறேன். கண்ணுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: பெட்டிக்குள் நிற்கும்போது புற ஊதாவைத் தடுக்கும் காகிள்ஸைக் கழற்றவே கூடாது. நேரோபேண்ட் யூ.வி.பி. (குறுகிய அலைநீளப் பட்டையுள்ள புற ஊதா) என்றால் அதோடு முடிந்தது. கதிருக்குத் தோலைக் கூசவைக்கும் சொரலன் மாத்திரை விழுங்கி யூ.வி.ஏ. எடுப்பவர் என்றால், அந்த மருந்து கண் லென்ஸிலும் தங்கும். மாத்திரை போட்டதிலிருந்து 24 மணி நேரத்துக்கு, பகல் வெளிச்சம் உள்ள நேரமெல்லாம், ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாலும், பக்கம் மூடிய யூவி 400 கண்ணாடியைப் போட்டிருங்கள். சிகிச்சை தொடங்கும் முன் ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.